ரீல் வாங்குறதுக்கு முன்னாடி ராடைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல பழைய தூண்டில் சாமான் சேகரிக்கிறவங்களப் பத்தி வந்த கட்டுரைய ஆன்லைன்ல படிச்சேன். தமிழ் பேப்பர்ல ஃப்ளை ஃபிஷிங்குக்கு, அதாவது முள்ளுல இறகுப் பூச்சி கட்டி மீன் பிடிக்கிறதுக்கு, ஒரு முழுப் பக்கம் குடுத்தது எனக்கு ரொம்ப சந்தோஷம், அத முதல்ல சொல்லிடறேன். ஆனா கட்டுரைய படிச்சு முடிச்சதும், பழைய ரீல்னா, அதாவது தூண்டில் நூல சுத்தி வெக்கிற சக்கரம்னா, அது ஹார்டி கம்பெனியோட பெர்ஃபெக்ட்தான், அத வாங்க காசு இல்லாதவங்க பேசாம புது ரீல் வாங்கிக்கலாம்ங்கற எண்ணம்தான் மனசுல நிக்குது. இது சரியில்லங்க. இத நம்பி யாராவது முதல் ரீலுக்கே 200, 300 பவுண்டு போட்டு, அது அவங்க ராடுக்கு, அதாவது தூண்டில் கம்புக்கு, பொருந்தாம அலமாரில தூங்கப் போகுதேன்னு ஒரு கவலை, அதான் எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நான் இங்கிலாந்துல டெர்பிஷயர் பக்கம் இருக்கேன், ட்ரவுட்ங்கற குளிர் தண்ணி மீனப் பிடிக்கிறது இங்க வந்துதான் கத்துக்கிட்டேன், பழைய ராடும் பழைய ரீலும் வெச்சுத்தான் பிடிக்கிறேன். குன்னூர்ல இருக்குற என் சித்தப்பா பையன் போன வருஷம் ஒரு மூங்கில் ராட் போட்டோ அனுப்பி, அண்ணே இதுக்கு ஏத்த பழைய ரீல் ஒண்ணு குறைஞ்ச விலைல பாத்துக் குடுங்கன்னு கேட்டான். எஸ்டேட் பங்களா சாமான் விக்கும்போது வந்த ராட், எட்டடி, ரெண்டு துண்டு. நீலகிரில இந்த மாதிரி ராட் கிடைக்கிறதுல ஆச்சரியமே இல்ல. இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்துல ரெயின்போ ட்ரவுட்ட அங்க ஓடைகள்ல விட்டு, அவலாஞ்சில குஞ்சு பொரிக்கிற பண்ணையும் வெச்சதுல இருந்து தோட்டத் துரைமாருங்க ராடும் கையுமாத்தான் லீவு நாளைக் கழிச்சாங்க. அந்தக் காலத்து ராட் இன்னும் பரண்ல கிடக்குது, ரீல்தான் எங்கயோ போயிடுது, பித்தளைன்னு நெனச்சு பழைய இரும்புக் கடைக்கே போனதும் உண்டு. அதனால "ராட் இருக்கு, ரீல் வேணும்"ங்கறது உங்க வாசகர்கள்ல சில பேருக்காவது நிஜமான கேள்வி. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துன்னு ட்ரவுட் இருக்குற ஊர்ல குடியேறின நம்ம ஆளுங்களும் இப்போ கார் பூட் சேல்ல, சந்தையில பழைய ராட் வாங்குறாங்க, அவங்களுக்கும் இதே கேள்விதான்.

தெரியாதவங்களுக்காக ஒரு விஷயம். மத்த தூண்டில்ல ஈயக் குண்டோட எடைதான் நூலை இழுத்துட்டுப் போகும். ஃப்ளை ஃபிஷிங்ல தூண்டில் முள்ளுல கட்டுன இறகுப் பூச்சிக்கு எடையே கிடையாது, அதனால லைனுக்கே, அதாவது நூலுக்கே, எடை வெச்சிருப்பாங்க, அந்த லைன் காத்துல சுருண்டு விரிஞ்சு போகும்போது பூச்சி கூடவே போகும். கேஸ்ட் பண்றதுல ரீலுக்கு வேலையே இல்ல. லைன சுத்தி வெச்சுக்கணும், மீன் இழுக்கும்போது சிக்காம விடணும், ராடுக்கு அடில எதிர் எடையா நிக்கணும், இந்த மூணு வேலைதான். ட்ரவுட் ஓடைல இத ஐம்பது டாலர் ரீலும் செய்யும், ஐநூறு டாலர் ரீலும் செய்யும். சால்மன், கடல் மீன்னா கதை வேற, அங்க பிரேக் முக்கியம், இந்தக் கடிதத்துல நான் பேசுறது ட்ரவுட் மட்டும்தான்.

அப்போ எங்க ஆரம்பிக்கிறது? ராடுக்கு என்ன லைன்னு கண்டுபிடிக்கிறதுல இருந்து. இப்போ வர்ற ராட்ல 4, 5, 6ன்னு நம்பர் போட்டிருக்கும், அந்த நம்பர் முறை 1960கள் தொடக்கத்துல அமெரிக்காவுல வந்தது, லைனோட முதல் 30 அடி எவ்வளவு எடைங்கறதுதான் கணக்கு, 5ஆம் நம்பர்னா 140 கிரெயின், அதாவது சுமார் 9 கிராம், 6ஆம் நம்பர்னா 160 கிரெயின். அதுக்கு முந்தின ராட்ல நம்பர் இருக்காது, எச்.டி.எச், எச்.சி.எச்ன்னு எழுத்து இருக்கும், சிலதுல ஒண்ணுமே இருக்காது. அந்த எழுத்து லைனோட தடிமனைச் சொல்றது, எடைய இல்ல, ஏன்னா அப்போ எல்லாமே பட்டு லைன், தடிமன் தெரிஞ்சா எடை தெரிஞ்சுடும். தோராயமா எச்.இ.எச்ன்னா இப்போதைய 4 இல்ல 5, எச்.டி.எச்ன்னா 5 இல்ல 6, எச்.சி.எச்ன்னா 6 இல்ல 7. சித்தப்பா பையன் ராட்ல எழுத்து பாதி அழிஞ்சிருந்தது, வெளிச்சத்துல சாய்ச்சு வெச்சு போட்டோ எடுக்கச் சொன்னேன், எச்.டி.எச்ன்னு தெரிஞ்சுது. சரி, 5ல ஆரம்பிக்கலாம்.

இங்கதான் நெறைய பேர் சறுக்குற இடம். பட்டு லைன் ஒல்லி. இப்போ நாம வாங்குற பிளாஸ்டிக் பூசின லைன் அதே எடைக்கு நல்லாத் தடி. அதனால 1930கள்லயோ 1950கள்லயோ ஒரு ரீலுக்கு "இந்த லைன் புடிக்கும்"னு கேட்டலாக்ல போட்டிருந்தா, அது பட்டு லைன் கணக்கு. அதே ரீல்ல இன்னிக்கு லைன் போட்டா ஸ்பூல், அதாவது லைன் சுத்துற உருளை, அதோட விளிம்புல உரசும், இல்லன்னா பேக்கிங்குக்கு, அதாவது லைனுக்கு அடில சுத்துற மெல்லிசு நூலுக்கு, இடமே இருக்காது. பழைய கேட்டலாக்ல எழுதியிருக்குற சைஸுக்கு ஒரு நம்பர் கீழ வெச்சு யோசிங்க, இல்லன்னா குறுக்களவு அரை இன்ச் பெரிய ரீலா பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிஞ்ச டபுள் டேப்பர் லைன்னா இன்னொரு வழியும் இருக்கு, 27 மீட்டர் லைன நடுவுல வெட்டி பாதிய மட்டும் போட்டுக்கலாம், சின்ன ஓடைல யாரும் 13 மீட்டருக்கு மேல வீசப் போறதில்ல, மீதிப் பாதி தனியா ஒரு புது லைனா பத்திரமா இருக்கும். ஒரு லைன் காசுல ரெண்டு லைன், சின்ன ரீலும் போதும். பேக்கிங்க மட்டும் முழுசா விட்டுடாதீங்க, பழைய ரீல்ல ஸ்பூலோட நடுப்பகுதி ஒல்லி, அதுல நேரா லைன சுத்துனா ஸ்பிரிங் மாதிரி சுருண்டுக்கும், கீழ பேக்கிங் நிரப்புனா சுருள் பெருசாகி லைன் ஒழுங்கா படுக்கும்.

அடுத்தது எடை. கட்டுரைல இதப் பத்தி ஒரு வரி கூட இல்ல, எனக்கு ரொம்ப வருத்தம் அதுலதான். மூங்கில் ராடும், 1950ல இருந்து 70கள் வரைக்கும் வந்த ஃபைபர் கிளாஸ் ராடும் இப்போதைய கார்பன் ராட விட கனம், அதுவும் நுனிப் பக்கம் கனம். இப்போதைய ஒன்பதடி கார்பன் ராட் 85 கிராம் பக்கத்துல வருது, எட்டடி மூங்கில் ராட் 115, 120 கிராம் இருக்கும். கார்பன் ராடுக்காக ஓட்டை ஓட்டையா கடைஞ்சு 100 கிராமுக்கு இறக்குன புது ரீல மூங்கில் ராட்ல மாட்டுனா கிணத்து ஏத்தம் மாதிரி முனை கீழேயே தொங்கும், ஒரு மணி நேரம் வீசுனா மணிக்கட்டு விட்டுப் போயிடும், ஆளு ராடத் திட்டுவான், ராட் மேல தப்பே கிடையாது. பழைய ராடுக்கு பழைய ரீல் தேடுறதுக்கு அழகு மட்டும் காரணம் இல்லங்க, இந்த எடைதான் காரணம்.

எவ்வளவு எடை வேணும்னு ரீல் வாங்குறதுக்கு முன்னாடியே வீட்டுலயே தெரிஞ்சுக்கலாம். ராட பூட்டுங்க. ஒரு சின்ன பாலிதீன் பைல சில்லறைக் காசு போட்டு ரீல் மாட்டுற இடத்துல ரப்பர் பேண்டால கட்டுங்க. கார்க் கைப்பிடியோட முன் பக்கம், வீசும்போது ஆள்காட்டி விரல் விழுற இடத்துக்குக் கீழ ஒரு விரல வெச்சு ராடத் தூக்குங்க. நுனி இறங்குனா காசு சேருங்க, அடி இறங்குனா எடுங்க, ராட் நேரா நிக்கும்போது பைய அவுத்து மளிகைக் கடை டிஜிட்டல் தராசுல வைங்க. அதுதான் லைனோட சேர்த்து ரீல் இருக்க வேண்டிய எடை. லைனும் பேக்கிங்கும் 25, 30 கிராம் வரும், அத கழிச்சுக்கங்க, மிச்சம் வெறும் ரீல் எடை. வீசும்போது லைன் கொஞ்சம் நுனிக்கு வெளிய இருக்கும், அது முனைய இழுக்கும், அதனால ரீல் பத்து கிராம் கூட இருந்தா நல்லது, குறைய வேண்டாம். இத தம்பிகிட்ட வீடியோ கால்ல செய்யச் சொன்னேன். தரைல உக்காந்து விரல் மேல ராட வெச்சுக்கிட்டு, பைக்குள்ள ஒவ்வொரு ரூபாயா போட, நுனி மெதுவா மெதுவா மேல ஏறி ஒரு இடத்துல அப்படியே நின்னுச்சு, பக்கத்துல நின்ன அவன் பொண்ணு கைதட்டுனா. 175 கிராம்னு தராசு காட்டுச்சு. லைன கழிச்சா 150 கிராம் பக்கத்துல ஒரு ரீல் வேணும். இப்போ ராட் கேக்குறது என்னன்னு தெளிவாத் தெரிஞ்சு போச்சு. பேரப் பத்தின பேச்சே இன்னும் வரல பாருங்க.

இனி பேருக்கு வரலாம். ஹார்டிய நான் குறை சொல்லல. 1872ல நார்தம்பர்லாந்து அல்னிக்ல ஆரம்பிச்ச கம்பெனி, 1890கள்ல பெர்ஃபெக்ட் ரீல விட்டாங்க, ஸ்பூல் பால் பேரிங் மேல ஓடும், அந்தக் காலத்துல அப்படி ஒரு வேலைய யாரும் ட்ரவுட் ரீல்ல பாத்திருக்க மாட்டாங்க. கையில வாங்கி சுத்துனா அந்த ஓட்டமே தனி. ஆனா அத இப்போ வாங்குறவங்கள்ல சேகரிக்கிறவங்க ஜாஸ்தி, பித்தளை முகம் வெச்ச பழைய பெர்ஃபெக்ட் எல்லாம் மீன் பிடிக்கிறவன் பர்ஸுக்கு எட்டாத விலை. அதோட அது பழசுல பெரும்பாலும் வலது கைல சுத்துற மாதிரி செஞ்சது, இடது கைல சுத்திப் பழகுனவங்க மாத்துறது சுலபம் இல்ல. ஹார்டிலயே குறைஞ்ச விலைக்கு யூனிக்வா இருக்கு, 1903ல வந்தது, பெர்ஃபெக்டோட பேரிங் எல்லாம் இல்லாத எளிமையான ரீல், அம்பது வருஷத்துக்கு மேல செஞ்சாங்க. 1930கள்ல ஆரம்பிச்ச லைட்வெயிட் வரிசையும் அருமையான ரீல்ங்க, 2⅞ இன்ச் ஃபெதர்வெயிட், 3³⁄₁₆ இன்ச் எல்.ஆர்.எச், 3½ இன்ச் பிரின்சஸ், ஆனா இதுங்க விலையும் ஏறிக்கிட்டே போகுது, பேரு சொல்ற மாதிரியே எடையும் கம்மி, கனமான மூங்கில் ராடுக்கு சில நேரம் பத்தாது. ஹார்டி வேலைதான் வேணும், பேரு வேணாம்னா 1970கள்ல அமெரிக்க சயின்டிஃபிக் ஆங்க்ளர்ஸ் கம்பெனிக்காக ஹார்டி செஞ்சு குடுத்த சிஸ்டம் ரீல்ங்களப் பாருங்க, சிஸ்டம் 5, சிஸ்டம் 6ன்னு லைன் நம்பரே பேரா இருக்கும், கிட்டத்தட்ட ஹார்டி மார்க்விஸ்தான், விலை மட்டும் கம்மி.

என் மனசுக்குப் பிடிச்ச ரெண்டு ரீல் இனிமேதான் வருது.

முதல்ல அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலம் ஆக்ரன்ல செஞ்ச ஃப்ளூகர் மீடலிஸ்ட். 1930 வாக்குல வந்து, பல பத்து வருஷம் லட்சணம் பெருசா மாறாம ஓடுன ரீல். அமெரிக்காவுல ஒரு தலைமுறையே இத வெச்சுத்தான் ட்ரவுட் பிடிக்கக் கத்துக்கிட்டதுன்னு சொன்னா மிகை இல்ல, அவ்வளவு வித்திருக்கு, அதனாலதான் இன்னிக்கும் விலை ஏறல, நல்ல நிலையில ஒண்ணு 50, 60 டாலருக்கு ஏலத்துல வந்துக்கிட்டே இருக்கு, உதிரி பாகமும் கிடைக்குது. மாடல் நம்பர் 1492ன்னா குறுக்களவு 2⅞ இன்ச், 1494ன்னா 3¼, 1495ன்னா 3⅝, 1498ன்னா 4 இன்ச், இந்த நம்பர மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டா போதும். ஏழடி, 4ஆம் நம்பர் ராடுக்கு 1492. ஏழரைல இருந்து எட்டரை அடி, 5 இல்ல 6ஆம் நம்பர்னா 1494, கண்ண மூடிக்கிட்டு சொல்லலாம். 1495 ஆறு ஏழுக்கு. பின் பக்கம் ஆக்ரன்னு அச்சு இருந்தா பழைய தயாரிப்பு, 1960கள்ல கம்பெனி கைமாறின பிறகு தயாரிப்பு இடம் மாறி, கடைசில ஆசியாவுல செஞ்சதும் வந்துச்சு, அதுவும் ஓடும், ஆனா அதே விலைக்கு ஆக்ரன் ரீல் கிடைக்கும்போது அது எதுக்கு?

ரெண்டாவது இங்கிலாந்து ரெடிச்ல ஜே.டபிள்யூ. யங் கம்பெனி செஞ்ச ரீல்ங்க. ரெடிச் ஊசி செய்யுற ஊரு, ஒரு காலத்துல உலகத்துக்கே தையல் ஊசியும் தூண்டில் முள்ளும் அங்க இருந்துதான் போச்சு, அந்தக் கைவேலை பரம்பரைல வந்த கம்பெனி, 1884ல ஆரம்பிச்சது. பியூடெக்ஸ், பிரிடெக்ஸ், கான்டெக்ஸ்னு மூணு பேரு தேடுங்க. 3 இன்ச், 3½ இன்ச் ரெண்டும் நெறைய கிடைக்கும். யங் மத்த கடைங்களுக்கும் அவங்கவங்க பேரு போட்டு ரீல் செஞ்சு குடுத்திருக்காங்க, அதனால கேள்விப்படாத பேரு போட்ட ரீல் ஒண்ணு பாக்க பியூடெக்ஸ் மாதிரியே இருந்தா பெரும்பாலும் அதே பட்டறைதான், அதுக்கு இன்னும் விலை கம்மியா சொல்லுவாங்க. சந்தைல 30, 40 பவுண்டுக்கு வாங்கிடலாம். பெயிண்ட் உதிர்ந்து, விளிம்புல அலுமினியம் தெரியும், அத வெச்சு பேரம் பேசுங்க, ஓட்டத்துக்கு அதனால ஒரு குறையும் இல்ல. யங் ரீலுங்க எடையும் மூங்கில் ராடுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். சித்தப்பா பையனுக்கு நான் மீடலிஸ்ட் 1494 எடுக்கல, யங் ரீல்தான் எடுத்தேன், காரணம் ரீலோட கால்.

கால்னு நான் சொல்றது ரீலுக்கு அடில இருக்குற அந்த நீளமான தகடு, ராட்ல பூட்டுற இடத்துல உக்காருறது. இத யாரும் பாக்குறதே இல்ல. பழைய ஆங்கிலேய ராட் பலதுல இப்போ மாதிரி திருகு இருக்காது, கார்க் இல்லன்னா மரத்து மேல ஒரு மூடி, ஒரு வளையம், அவ்வளவுதான், வளையத்தத் தள்ளி இறுக்கணும். கால் தடியா இருந்தா வளையம் ஏறாது, ரொம்ப மெலிசா இருந்தா கழண்டு ரீல் தண்ணில விழும். ஒவ்வொரு கம்பெனிக்கும் நீளம், அகலம், தடிமன் வேற வேற, அந்தக் காலத்துல எல்லாரும் ஒரே அளவுல செய்யல. அதனால முன்னாடி வெச்சிருந்தவங்க அவங்க ராடுக்கு ஏறட்டும்னு அரம் போட்டு ராவிடுவாங்க, ஒரு பக்கம் கத்தி முனை மாதிரி ஆயிருக்கும். சேகரிக்கிறவங்களுக்கு அது பெரிய குறை, அதனால விலை பாதியா விழும். மீன் பிடிக்கிறவங்களுக்கு அதுவே லாபம், உங்க ராடுக்கு ஏறுதான்னு மட்டும் பாத்துக்கங்க. ஆனா விக்கிறவங்க அத மறைச்சா விடக் கூடாது. என் நண்பர் ஒருத்தர் ஆன்லைன்ல வாங்குன ரீலுக்கு போட்டோ எட்டு கோணத்துல இருந்துச்சு, காலை மட்டும் ஒண்ணுலயும் காட்டல, வந்து பாத்தா ஒரு பக்கம் வளைஞ்சு, நிமித்தப் பாத்து விரிசலும் விட்டிருந்தது. காலை மேல இருந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, ஸ்கேல் வெச்சு போட்டோ அனுப்பச் சொல்லுங்க. அனுப்ப மாட்டேன்னா அந்த ரீல் உங்களுக்கு வேணாம்.

கைல எடுத்துப் பாக்குற வாய்ப்பு இருந்தா இன்னும் நல்லது. ஸ்பூல கழட்டுங்க. நடுத்தண்டுல கறுத்துப் போன கிரீஸ் இருந்தா பயப்படாதீங்க, அது தேய்மானத்த தடுத்திருக்கும், காஞ்சு போய் பளபளன்னு கோடு விழுந்திருந்தாத்தான் யோசிக்கணும். திரும்ப மாட்டி ஸ்பூல் விளிம்ப ரெண்டு விரலால புடிச்சு ஆட்டுங்க, மயிரிழை ஆட்டம் இருக்கலாம், டக்கு டக்குன்னு அடிச்சா தண்டு தேஞ்சிருக்கு. அப்புறம் மெதுவா சுத்தி, ஸ்பூல் விளிம்புக்கும் கூட்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளிய மட்டும் பாருங்க, எங்கயாவது ஒரு இடத்துல நெருங்கி நெருங்கி வந்தா கீழ விழுந்த ரீல், அத நிமித்துறது நம்ம வேலை இல்ல. இப்போ காதுகிட்ட வெச்சு சுத்துங்க. பல்சக்கரத்துல ஒரு சின்ன நாக்கு இடிச்சு இடிச்சுப் போற சத்தம்தான் அந்த கிளிக், இந்த மாதிரி பழைய ரீல் பலதுல பிரேக்னா அடிப்படைல அதுதான். மீன நிறுத்துறது அதோட வேலை இல்ல, ஸ்பூல் தறிகெட்டு சுத்தி லைன் சிக்கு விழாம பாத்துக்கிறதுதான், மீன நிறுத்துறதுக்கு உங்க உள்ளங்கையும் விரலும் இருக்கு. சத்தம் சீரா வந்தா சரி. நடுவுல ஒரு அடி விட்டுப் போனா சக்கரத்துல பல் போயிருக்கு. சத்தமே இல்லன்னா ஸ்பிரிங் உடைஞ்சிருக்கும் இல்ல நாக்கு தேஞ்சிருக்கும், மீடலிஸ்ட்லயும் ஹார்டிலயும் இது மாத்துறது ஈஸி, யாருன்னே தெரியாத கம்பெனின்னா அந்த சின்ன துண்டுக்காக அலையணும்.

லைன் வெளிய வர்ற இடத்துல ஹார்டி செயின்ட் ஜார்ஜ் மாதிரி சில ரீல்ல அகேட் கல் வளையம் இருக்கும். அழகுதான், ஆனா கல்லுல விரிசல் இருந்தா லைனோட தோல உரிச்சுடும். கண்ணுக்குத் தெரியாது, பழைய நைலான் சாக்ஸ் துணிய வளையத்துக்குள்ள விட்டு இழுத்துப் பாருங்க, மாட்டுச்சுன்னா விரிசல்.

ஒரு வகைய மட்டும் ஆசைப்பட்டு வாங்காதீங்க. 1940, 50கள்ல அமெரிக்காவுல நெறைய வித்த ஆட்டோமேட்டிக் ரீல், நெம்புகோல அமுக்குனா ஸ்பிரிங் லைன தானா சுத்திக்கும். பத்து பதினஞ்சு டாலருக்குக் கூட கிடைக்கும், பாக்க விளையாட்டா இருக்கும், ஆனா எடை ரொம்ப ஜாஸ்தி, லைனும் கொஞ்சம்தான் புடிக்கும், நல்ல மூங்கில் ராட அது கெடுத்துடும்.

இந்தியாவுக்கு வரவழைக்கிறவங்க கூரியரும் கஸ்டம்ஸ் டியூட்டியும் சேத்துக் கணக்குப் போடுங்க, சில நேரம் ரீல் விலைய விட அது ஜாஸ்தி ஆயிடும். சொந்தக்காரங்க யாராவது ஊருக்கு வரும்போது கைல குடுத்து விடறதுதான் உத்தமம், எங்க வீட்டுலயும் அப்படித்தான் போச்சு. நீலகிரில மீன்வளத்துறை, வனத்துறை அனுமதி இல்லாம ஓடைல இறங்காதீங்க, அது தனி விஷயம், இருந்தாலும் சொல்லிடறேன்.

இன்னொரு வேண்டுகோள், ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், மூணாறு பக்கம் பழைய ரீல் வெச்சிருக்கறவங்களுக்கு. தயவு செஞ்சு அத பிராஸோ போட்டு தேய்க்காதீங்க. ஹார்டி ரீல் மேல இருக்குற அந்த மங்கலான ஈய நிறம் அழுக்கு இல்ல, கம்பெனி குடுத்த பூச்சு, தேச்சா போச்சு, திரும்ப வராது. வெள்ளைத் துணில மண்ணெண்ணெய் தொட்டு பழைய கிரீஸ மட்டும் துடைங்க, தண்டுல துளி கிரீஸ், கிளிக் நாக்குல தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு, அவ்வளவு போதும். ராடுக்கு ஏறலன்னு காலை ராவாதீங்க, உங்க ராடுக்குப் பொருந்தலன்னா பொருந்துற ராட் வெச்சிருக்கறவங்க கிட்ட மாத்திக்கங்க. அந்த மூங்கில் ராடுங்களுக்கு சீனத்து டோங்கின் மூங்கில் வர்றதுக்கு முன்னாடி நம்ம நாட்டு கல்மூங்கில்தான் கல்கத்தா துறைமுகம் வழியா கப்பல்ல போய் ராடாச்சு, அப்படி ஒண்ணு உங்க பரண்ல இருந்தா அது தொலையாம இருக்கட்டும், அதுக்கு ஏத்த ரீலும் அது கூடவே இருக்கட்டும்.

கட்டுரையோட ரெண்டாம் பாகம் வரும்னு போட்டிருந்தீங்க. அதுல ஹார்டியோட ஏல விலைப் பட்டியலுக்கு ஒதுக்குற இடத்துல பாதிய எடுத்து, பழைய எழுத்து முறைக்கும் இப்போதைய லைன் நம்பருக்கும் ஒரு அட்டவணையும், மீடலிஸ்ட், யங் ரீல்ங்களோட அளவு, எடை, எந்த ராடுக்கு எதுங்கற விவரமும் போடுங்க. படம் போடுறதா இருந்தா ரீலோட முகத்த மட்டும் போடாதீங்க, காலையும் பக்கவாட்டுல எடுத்து ஸ்கேலோட போடுங்க. அட்டவணை தயார் பண்ண உதவி வேணும்னா நான் எழுதித் தர்றேன், பணம் எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வாசகர்,
டெர்பிஷயர், இங்கிலாந்து